எடை

முழுதாய் முடித்த படிவம் ஒன்றுக்கு எண்பத்தைந்து ரூபாய்.
பாதியில் கதவைச் சாத்தினால் ஒன்றுமில்லை.

முப்பத்தொன்றாம் கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
நீங்கள் கொக்கெய்ன் எடுத்ததுண்டா?

செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர்
"பல்லுப் புடுங்க முன்னாடி போடுற ஊசியா?" என்றார்.
பனங்காட்டுக் கொலுசுப் பட்டறையில்
மெருகுப்பொடி அப்பிய கைகளை நீட்டி
"வெள்ளப் பொடிதானே, எத்தன கிலோ வேணும்?"
ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.
மாமாங்கத்தில் வெள்ளைக்கல் லாரிகள் கடந்துபோனபின்
என் புருவமும் துப்பட்டாவும்
டேப்லெட் திரையும் வெளுத்துக் கிடந்தன.
ஜவ்வரிசி ஆலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.
"போன வருசம் கலப்படம்னு வந்தீங்க.
இப்ப இதா?"

இல்லை. இல்லை. இல்லை.
ஒவ்வோர் இல்லைக்கும் ஒரு நீளம் உண்டு.
குகையில் ஒருவர் என் செருப்பையே பார்த்திருந்துவிட்டு
ஏழு விநாடி கழித்துச் சொன்னார்.
ஏழு விநாடிக்குக் கட்டம் இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு. பதினான்காவதில் வாந்தி.
ஏற்காட்டில் மாதிரிக்கு விழுந்தவை பதினோரு வீடுகள்.
விடுதி அறை வீடாகாது என்கிறது கையேடு.
சனிக்கிழமை மேலேறி
ஞாயிறு இறங்கிவிடும் கார்களுக்குள் இருப்பவர்கள்
இங்கே யாரும் இல்லை.
அறை சுத்தம் செய்யும் சகாயமேரி
எல்லாவற்றுக்கும் இல்லை சொல்லி முடித்துவிட்டு
காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"ஞாயித்துக்கெழம காலைல
செவுத்துக் கண்ணாடி கட்டில் மேல மல்லாந்து கெடக்கும்.
ஈரத்துணி போட்டுத் தொடச்சு மறுபடி மாட்டுவேன்.
தொடைக்கிறது உங்க கேள்வில வருமா?"

வராதுங்க.

அழகாபுரம், மூன்றாம் மாடி.
பதிவெண் நானூற்றுப் பதினேழு.
உள்ளே குக்கர் விசில், அம்மா, சீரியல்.
கதவை முதுகால் சாத்திக்கொண்டு
வாசலிலேயே நின்று பதில் சொன்னான்.
வயது இருபத்தாறு. பட்டப்படிப்பு. சொந்த வண்டி.
முப்பத்தொன்று வந்தது.
"ஆமா."
சில்லறை இருக்கிறதா என்று
கண்டக்டர் கேட்டதற்குச் சொல்வதுபோல.

எத்தனை முறை?
"எண்ணுறத விட்டாச்சு."

பயிற்சி வகுப்பில் தேவசிகாமணி சார் சொல்லியிருந்தார்:
ஒருத்தர் வெறும் ஒருத்தர் இல்லம்மா.
நீங்க தொடுற ஒவ்வொரு கட்டத்துக்கும்
மூவாயிரத்து இருநூறு பேரோட எடை.
திரையில் விரல் வைத்ததும்
அத்தனை பேரும் அவன் பின்னால் வந்து நின்றார்கள்.
படிக்கட்டில் இடம் போதவில்லை.
தெருவுக்கு இறங்கி, மருந்துக்கடை தாண்டி,
ஐந்து ரோடு சிக்னல் வரை வரிசை.
ஒருவர் கையில் டிபன் கேரியர்.
ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நான் முதல் மாடிக்கு இறங்கியிருப்பேன்.
செருப்பில்லாமல் ஓடிவரும் சத்தம்.
"அக்கா, அத அடிச்சிருங்க."

ஒப்புதல் தாளின் ஐந்தாம் பத்தி:
பதிலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை.
அவன் சொல்லவில்லை.
மேலே குக்கர் அடங்கிவிட்டிருந்தது.
இல்லை என்பதைத் தொட்டேன்.
உறுதியாகவா? என்றது திரை.
அவனைப் பார்த்தேன்.
அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிக்கை தை மாதம் வந்தது.
அறுபத்துநான்காம் பக்கம், சேலம் மாவட்டம்:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
நன்றிப் பட்டியலில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

நானூற்றுப் பதினேழுக்கும் எண்பத்தைந்து வந்து சேர்ந்தது.
இரண்டு தட்டுவடை செட் வாங்கித் தின்றேன்,
பூண்டுச் சட்னி தூக்கலாக.
திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நின்றபடி
தலைகளை எண்ணினேன். எழுபத்தொன்று.
இப்படி எத்தனை பஸ் என்று வகுக்க ஆரம்பித்து
அழகாபுரம் நிறுத்தத்தில் விட்டுவிட்டேன்.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.